மொச்சை லெக்டின்: முதல் சாற்றில் 1:512, குழலிலிருந்து இறங்கியதும் 1:4. செயல் எங்கே போனது?

காட்பாடி மாணவி

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை உயிர்வேதியியல் புராஜெக்ட். மொச்சைக்கொட்டையில் உள்ள மேனோஸ் லெக்டினை (மேனோஸ் சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்) பிரித்தெடுத்து, வைரஸைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2020-ல் தைவான் அகாடெமியா சினிக்கா குழு செல் ரிப்போர்ட்ஸ் இதழில் மொச்சையின் ஃப்ரில் லெக்டின் இன்ஃப்ளூயன்சாவையும் கொரோனா வைரஸையும் தடுப்பதாக எழுதியிருந்தது. அதை வைத்துத்தான் தலைப்பு.

செய்முறை: லாங்கு பஜார் மளிகையில் வாங்கிய காய்ந்த மொச்சை 50 கிராம், தோலோடு மிக்சியில் அரைத்தது. 500 மில்லி பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்), பிஎச் 7.4, இரவு முழுக்க அறையிலேயே கலக்கல். துணியில் வடித்து 10,000 ஜி-யில் 30 நிமிடம் சுழற்றினால் தெளிநீர் 400 மில்லி, டீத்தண்ணீர் நிறம். முயல் சிவப்பணு 2 சதவீதம், குழிக்கு 50 மைக்ரோலிட்டர் சாறு. எச்ஏ டைட்டர், அதாவது சிவப்பணுக்களை ஒட்டித் திரளவைக்கும் கடைசி நீர்த்தல், 1:512.

பிறகு அம்மோனியம் சல்பேட் 80 சதவீதம் வரை ஒரே தடவையில். படிவை 20 மில்லி டிரிஸ் பஃபரில் கரைத்தேன்: டிரிஸ் 20 மில்லிமோலார், உப்பு 150, கால்சியம் குளோரைடும் மாங்கனீசு குளோரைடும் தலா 1, பிஎச் 7.4. அதே பஃபரில் குளிர்பெட்டியில் டயாலிசிஸ் (சவ்வுப் பையில் கட்டி, சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது). மறுநாள் பைக்குள் பழுப்புத் தூள் படிந்திருந்தது, சுழற்றி நீக்கிவிட்டேன். 5 மில்லி மேனோஸ் அகரோஸ் குழலில் ஏற்றி, கழுவி, 0.2 மோலார் மெத்தில் மேனோசைடு 10 மில்லி விட்டு இறக்கினேன். 1 லிட்டர் பஃபரில் ஒரே ஒரு தடவை டயாலிசிஸ்.

ஜெல்லில் 15 முதல் 20 கிலோடால்டன் பக்கம் பட்டைகள் தெரிகின்றன, மங்கலாக. எச்ஏ மட்டும் 1:4. புரதம் செத்துவிட்டதா?

இன்னொன்று. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 ஃபேஜ் வைரஸில் சோதித்ததில் பிளேக் (பாக்டீரியா அழிந்த வெற்றுப் புள்ளி) எண்ணிக்கை துளியும் குறையவில்லை, முதல் சாற்றில்கூட. புகையிலைச் செடியில் டிஎம்வி (புகையிலைத் தேமல் வைரஸ்) புள்ளி எண்ணிப் பார்க்கலாமா என்று கைடு கேட்கிறார். மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

லேப்கோட்

இறக்கின சர்க்கரை இன்னும் பையில இருக்கு. ஒரு மாத்து பத்தாது. 1 லிட்டர்ல மூணு தடவை மாத்திட்டு திரும்ப எச்ஏ போட்டுப் பாருங்க, வந்துடும்.

வெண்படிவு

மூன்று மாற்று நல்ல பழக்கம். ஆனால் இங்கே காரணம் அது இல்லை. கணக்குப் போடுவோம். 10 மில்லி பை, 1 லிட்டர் பஃபர்: நீர்த்தல் 101 மடங்கு, 0.2 மோலார் சர்க்கரை 2 மில்லிமோலாராக இறங்கும். எச்ஏ தட்டில் லெக்டினோடு சேர்ந்து சர்க்கரையும் குழிக்குக் குழி பாதியாகிறது. ஆறாவது குழியில், அதாவது 1:64-ல், அது 30 மைக்ரோமோலார்தான். அந்த அளவு மெத்தில் மேனோசைடு எந்த மேனோஸ் லெக்டினையும் கட்டிப்போடாது. மிச்சச் சர்க்கரைதான் குற்றவாளி என்றால் முதல் சில குழிகள் வெறுமையாக இருந்து, தள்ளிப் போகப் போக ஒட்டுத்திரள் தெரிய வேண்டும். உங்களுக்கு நேர்மாறாக முதல் இரண்டு குழியோடு நின்றுவிட்டது. லெக்டினே குறைவு என்று அர்த்தம்.

எவ்வளவு குறைவு? டைட்டரை மட்டும் பார்த்தால் தெரியாது, கன அளவால் பெருக்க வேண்டும். 50 மைக்ரோலிட்டரில் 512 அலகு என்றால் மில்லிக்கு 10,240. 400 மில்லிக்குச் சுமார் 41 லட்சம். கடைசியில் கையில் இருப்பது மில்லிக்கு 80, மொத்தம் 800. ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு செயல் ஒரே படியில் ஆவியாகாது. ஒன்று, அது வேறெங்கோ இருக்கிறது. இல்லையென்றால் முதலில் அளந்ததே மேனோஸ் லெக்டின் இல்லை. இரண்டும் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

குழலில் ஒட்டாமல் வழிந்து வந்ததை என்ன செய்தீர்கள்? சொல்லவில்லை, கொட்டியிருந்தால் பெரிய தடயம் போயிற்று. மொச்சையில் மேனோஸ் லெக்டின் தவிர காலக்டோஸைப் பிடிக்கும் லெக்டின் ஒன்றும் உண்டு, ஐதராபாத்தில் அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். அது மேனோஸ் அகரோஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வழிந்துவிடும். ஆனால் முயல் அணுவை ஒட்டவைக்கும். எனவே ஒவ்வொரு படியிலும் 1 மில்லி எடுத்து வையுங்கள்: சாறு, சல்பேட்டுக்குப் பின் மிஞ்சிய நீர், டயாலிசிஸுக்குப் பின், வழிந்தது, கழுவியது, இறங்கியது. ஆறிலும் எச்ஏ, ஆறிலும் கன அளவு. கூட்டிப் பார்த்தால் எந்தப் படியில் காணாமல் போகிறது என்று தானாகத் தெரியும்.

பழுப்புத் தூள். உங்கள் லேபில் ஏசி உண்டா? வேலூர் வெயிலில் 34 டிகிரி அறையில் டிரிஸுக்கு 7.4 வைத்து, குளிர்பெட்டியில் கொண்டுபோய் வைத்தால் அது 7.4 இல்லை. டிரிஸின் பிஎச் ஒரு டிகிரி குளிருக்கு ஏறத்தாழ 0.028 ஏறும். 30 டிகிரி இறக்கம் என்றால் 0.84. உங்கள் பஃபர் உள்ளே 8.2-ல் நிற்கிறது. அந்தக் காரத்தில் மாங்கனீசு காற்றில் ஆக்சிஜனேறிப் பழுப்பாகப் படியும். மொச்சை லெக்டின் பயறுக் குடும்பத்தது. கால்சியமும் மாங்கனீசும் இருந்தால்தான் சர்க்கரையைப் பிடிக்கும் குழி உருவத்தில் நிற்கும். நடுநிலை பிஎச்சில் இந்த லெக்டின்கள் உலோகத்தை எளிதில் விடுவதில்லை என்பதால் இதுவே முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பஃபரில் மாங்கனீசு இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும்போது அது தூளாகக் கீழே கிடக்கிறது. டிரிஸ் வேண்டுமென்றால் ஐஸில் வைத்துக் குளிர்ந்தபின் பிஎச் திருத்துங்கள், மீட்டரையும் அதே குளிரில் அளவு திருத்திக்கொண்டு. ஹெப்பெஸ் போட்டால் இந்த ஆட்டம் பாதியாகக் குறையும்.

பிபிஎஸ்ஸில் எடுத்து, கால்சியம் உள்ள பஃபரில் கரைப்பதும் தவறு. சல்பேட் படிவு பாஸ்பேட்டைச் சுமந்து வரும், கால்சியம் பாஸ்பேட்டாக வெள்ளைக் கலங்கல் தரும், அகரோஸ் மணிகளை அடைக்கும். முதலிலிருந்தே பாஸ்பேட் வேண்டாம்.

சல்பேட்டை இரண்டு வெட்டாகப் போடுங்கள். 20 டிகிரி கணக்கில் 0-லிருந்து 30 சதவீதத்துக்கு லிட்டருக்கு 176 கிராம். அரைமணி கலக்கி, சுழற்றி, படிவை நீக்கிய பின் 30-லிருந்து 80-க்கு லிட்டருக்கு 351 கிராம். பூஜ்ய டிகிரியில் செய்தால் கொஞ்சம் குறைவாகவே தேவைப்படும், அட்டவணை எந்த வெப்பநிலைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொடியை ஒரேயடியாகக் கொட்டாமல் சிட்டிகை சிட்டிகையாக. நுரை வந்தால் புரதம் கெடும். சல்பேட் கரையக் கரைய பிஎச் இறங்கும், நடுவில் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

இறக்கும் படியில் உங்கள் 10 மில்லி, இரண்டு படுகைக் கொள்ளளவுதான். நான்கு துணை அலகுள்ள லெக்டின் ஒரே நேரத்தில் பல சர்க்கரைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கை விட்டால் இன்னொரு கை பிடிக்கும். சர்க்கரைக் கரைசல் குழல் முழுக்க நிரம்பியதும் ஓட்டத்தை நிறுத்தி 30 நிமிடம் முதல் 1 மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு நிமிடத்துக்கு 0.3 மில்லி வேகத்தில் இறக்குங்கள். இரண்டாவது தடவையும் அப்படியே. வராவிட்டால் சர்க்கரையை 0.5 மோலாருக்கு ஏற்றலாம். அவசரப்பட்டு பிஎச் 2.5 கிளைசீன் ஊற்றாதீர்கள்: புரதம் இறங்கும், உலோகம் கழன்றுவிடும், அப்போதுதான் உண்மையிலேயே சாகும்.

ஆவாரம்பட்டை

வெண்படிவு அண்ணன் குழலப் பத்தி சொல்லிட்டாரு. நான் அதுக்கு முன்னாடி இருக்கறத சொல்றேன். தங்கச்சி, அந்த டீத்தண்ணி நிறத்தப் பாத்ததுமே சந்தேகம் வந்திருக்கணும்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு நம்ம சுத்துவட்டாரம் பூரா அந்தக் காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறவச்சுத்தான் தோல் பதம் பண்ணாங்க. பட்டையில இருக்கற டானின் தோலோட புரதத்தப் புடிச்சு இறுக்கும். உங்க பீக்கர்ல நடக்கறதும் அதே வேலைதான். மொச்சைத் தோல்ல, அதுவும் கருப்பு, சிவப்பு ரகத்துல, டானினும் மத்த பாலிஃபீனாலும் நிறைய. தோலோட அரைச்சா அது உங்க லெக்டினைப் பதம் பண்ணிடும். அதோட நிக்காது. சிவப்பணு மேல இருக்கற புரதத்தையும் புடிச்சு ஒட்ட வைக்கும். எச்ஏல பாத்தா லெக்டின் மாதிரியே அழகா விரிப்பு தெரியும். வைரஸ் மேல போட்டா வைரஸையும் இறுக்கிக் கொன்னுடும். "செடிச் சாறு வைரஸைத் தடுக்குது"ன்னு வர்ற பாதி பேப்பருக்குப் பின்னாடி இதான் உக்காந்திருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு.

மூணு சோதனை, ஒரே தட்டுல முடிஞ்சிடும். முதல் சாத்தை 0.1 மோலார் மெத்தில் மேனோசைடோட அரைமணி வச்சு எச்ஏ போடுங்க, மேனோஸ் லெக்டின்னா டைட்டர் சடார்னு விழணும். இன்னொரு வரிசையில காலக்டோஸ் அதே அளவு. மூணாவது வரிசைக்குச் சாறைக் கொதிநீர்ல 10 நிமிஷம் வச்சு, சுழட்டி, மேல் தெளிவை எடுத்துப் போடுங்க. பயறு லெக்டின் வெந்துடும், டானின் அசையாது. கொதிச்சப்பறமும் 1:256 நின்னா உங்க 512-ல என்ன இருந்ததுன்னு புரிஞ்சிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம்: ரெட்டிப்பு நீர்த்தல்ல ஒரு குழி வித்தியாசம் வித்தியாசமே இல்ல. ரெண்டு குழிக்கு மேல மாறினாத்தான் பேசணும்.

தீர்வு நம்ம சமையல்கட்டுலயே இருக்கு. பிதுக்கம்பருப்பு! ராத்திரி ஊறவச்சு, ரெண்டு விரலால பிதுக்கினா பருப்பு வெளிய குதிக்கும், தோல் கையில நிக்கும். ஊறப்போடறது 4 டிகிரியில, 10-12 மணி நேரம்; வெளிய வச்சா வெயில் காலத்துல புளிச்சிடும், முளைவிடவும் ஆரம்பிக்கும். ஊறுன தண்ணிய கொட்டிடுங்க, நிறம் பாதி அதுலயே போகும். பிதுக்கின பருப்பை 37-40 டிகிரியில காத்தோட்டமா காயவச்சு, அரைக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஃப்ரீசர்ல போட்டு, மிக்சிய பத்து பத்து செகண்டா விட்டு விட்டு ஓட்டுங்க. தொடர்ந்து ஓட்டினா ஜார் சூடேறி மாவு வெந்துடும். கொழுப்பெடுக்க ஹெக்சேன் தேவையில்ல, மொச்சை என்ன மல்லாட்டையா? எண்ணெய் ரொம்பக் கம்மி.

எடுக்கற பஃபர்ல பாலிவினைல் பாலிபைரோலிடோன் 2 சதவீதம் போடுங்க. கரையாத தூள், பாலிஃபீனாலப் புடிச்சுக்கிட்டு சுழட்டும்போது கீழ போயிடும். போடறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி பஃபர்ல ஊறணும், காஞ்ச தூளா போட்டா வேலை செய்யாது. அஸ்கார்பிக் அமிலம் போடற ஆளுங்களும் உண்டு, போட்டா பிஎச் திருப்பி சரி பண்ணணும். சோடியம் அஸ்கார்பேட்டா போட்டா அந்த வம்பு இல்ல.

புரதம் அளக்க 280 நானோமீட்டரை நம்பாதீங்க, பாலிஃபீனாலும் அங்கயே உறிஞ்சும். லௌரியும் ஃபீனாலைப் புரதம்னு எண்ணிடும். பிராட்ஃபோர்டு கொஞ்சம் தேவலாம்.

கருமுட்டை

டி4 ஃபேஜில் எதுவும் தெரியவில்லை என்பது தோல்வி இல்லை, வரவேண்டிய விடை அதுதான். மேனோஸ் லெக்டின் பிடிப்பது வைரஸின் மேலுறையில் இருக்கும் கிளைக்கான்களை, அதாவது உறைப் புரதத்தில் தொங்கும் சர்க்கரைக் கொத்துகளை. டி4-க்கு உறையே கிடையாது. வேடிக்கை என்னவென்றால் டி4-ல் சர்க்கரை உண்டு. அதன் டிஎன்ஏ-வில் குளுக்கோஸ் கோத்திருக்கும். ஆனால் அது கூட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது, லெக்டினுக்கு எட்டாது.

டிஎம்வி-யும் உறையில்லாத வெறும் குச்சி. அங்கே புள்ளி குறைந்தால் உங்கள் லெக்டின் வைரஸைப் பிடித்தது என்று எழுத முடியாது. செடியின் எதிர்ப்பைத் தூண்டியிருக்கலாம், சாற்றில் வேறேதோ இருந்திருக்கலாம். அதைவிட முக்கியம், மே மாதம். நிக்கோடியானா குளூட்டினோசா என்ற புகையிலை இன இலையில் புள்ளி விழுவது 'N' என்ற எதிர்ப்பு ஜீனின் வேலை. அது 28 டிகிரிக்கு மேல் படுத்துவிடும், வைரஸ் புள்ளியாக அடங்காமல் செடி முழுக்கப் பரவும். வேலூரில் ஏப்ரல், மே வெளிப்பந்தலில் இந்தச் சோதனை வைத்தால் தடவின இலை எல்லாமே புள்ளியில்லாமல் சுத்தமாக இருக்கும், மருந்து வேலை செய்தது என்று சந்தோஷப்படுவீர்கள். லெக்டின் தடவாத கட்டுப்பாட்டு இலையிலும் புள்ளி இருக்காது என்பதைக் கவனித்தால்தான் குட்டு வெளிப்படும். 22-25 டிகிரி வளர்ப்பறை இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

உறையுள்ள, கையாளப் பாதுகாப்பான, இங்கேயே கிடைக்கும் வைரஸ் வேண்டும். கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய் வைரஸின் லசோட்டா தடுப்பூசி வகை பொருத்தம். ராணிக்கெட் என்றதும் பக்கத்து ராணிப்பேட்டைதான் என்று பலர் நினைக்கிறார்கள். நோயின் பெயர் வடக்கே குமாவுன் மலையில் உள்ள ராணிக்கேத் ஊரிலிருந்து வந்தது. ராணிப்பேட்டையில் இருப்பது கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். இந்த வைரஸின் எஃப், எச்என் என்ற இரண்டு உறைப் புரதத்திலும் கிளைக்கான் உண்டு. நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழு அனுமதி வாங்குங்கள். கோழிப் பண்ணைக்குப் போய்வருபவர்கள் இதில் கை வைக்கக் கூடாது, பயன்படுத்திய முட்டை அத்தனையும் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகே வெளியே.

9 முதல் 11 நாள் அடைகாத்த கருமுட்டை. கடை முட்டையில் கரு கிடையாது, குஞ்சு பொரிப்பகத்தில் வாங்க வேண்டும். அங்குள்ள தாய்க்கோழிகள் இதே நோய்க்குத் தடுப்பூசி போட்டவை. மஞ்சள் கருவில் எதிர்ப்புரதம் இறங்கியிருக்கும், வைரஸ் மந்தமாக வளரும், அதை லெக்டினின் வெற்றி என்று எண்ணிவிடுவீர்கள். எதிர்ப்புரதம் இல்லாத முட்டை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எல்லாக் குழுவுக்கும் ஒரே மந்தை, ஒரே நாள் முட்டை.

வைரஸ் 100 இஐடி50 அளவு (பாதி முட்டைகளில் தொற்றும் அளவைப் போல் நூறு மடங்கு), லெக்டின் மில்லிக்கு 1, 10, 100 மைக்ரோகிராம். சம அளவு கலந்து 37 டிகிரியில் 1 மணி நேரம். ஒளியில் பார்த்துக் காற்றறை எல்லையைப் பென்சிலால் குறித்து, ரத்தக்குழாய் இல்லாத இடத்தில் துளையிட்டு அலண்டாயிக் குழியில் 0.2 மில்லி. மெழுகால் மூடி 37 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். குழுவுக்கு 5 முட்டைக்குக் குறையாமல்.

குழுக்கள்: வைரஸ் மட்டும், லெக்டின் மட்டும், வைரஸும் லெக்டினும், வைரஸும் போவைன் ஆல்புமினும், கடைசியாக வைரஸ், லெக்டின், 0.1 மோலார் மெத்தில் மேனோசைடு மூன்றும் சேர்ந்தது. கடைசிக் குழுதான் உயிர்நாடி. சர்க்கரை போட்டதும் வைரஸ் மறுபடி வளர்ந்தால், தடுத்தது லெக்டினின் மேனோஸ் பிடிதான் என்று நெஞ்சு நிமிர்த்தி எழுதலாம். சர்க்கரை போட்டும் தடுப்பு நீடித்தால் ஆவாரம்பட்டை சொன்ன டானினைத் தேடுங்கள்.

24 மணி நேரத்துக்குள் செத்த முட்டை ஊசிக் காயத்தாலோ கிருமியாலோ செத்தது, கணக்கில் சேராது. லசோட்டா கருவைச் சீக்கிரம் கொல்லாத வகை, எனவே சாவை எண்ணாதீர்கள், 96 மணி நேரத்தில் நீரை எடுத்து எச்ஏ போடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு இரவு 4 டிகிரியில். அவசரமாக உடைத்தால் ரத்தம் கசிந்து, சிவப்பணுக்கள் வைரஸை உறிஞ்சி, டைட்டர் பொய் சொல்லும்.

இனி இந்தச் சோதனையின் பெரிய கண்ணி. வைரஸை எச்ஏ-வால் அளக்கிறீர்கள். உங்கள் லெக்டினும் எச்ஏ செய்யும் பொருள். மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஊசி போட்ட முட்டையின் நீரில் லெக்டின் மிச்சமிருந்தால், வைரஸ் இல்லாமலே சிவப்பணு ஒட்டும், "தடுப்பு இல்லை" என்று தவறாக முடிவெடுப்பீர்கள். அதனால் கோழிச் சிவப்பணு 1 சதவீதத்தை நீர்க்கும் பஃபரிலேயே 0.1 மோலார் மெத்தில் மேனோசைடு போட்டு எச்ஏ செய்யுங்கள். வைரஸ் அணுவைப் பிடிப்பது சியாலிக் அமிலம் வழியாக, அதற்கு மேனோசைடு தடையில்லை. லெக்டினின் வாய் மட்டும் அடைபடும்.

காட்பாடி மாணவி

ரொம்ப நன்றி. மூன்று பேர் சொன்னதையும் அப்படியே செய்தேன்.

பழைய சாறு ஃப்ரீசரில் மிச்சம் இருந்தது. கொதிக்கவைத்த பிறகும் 1:256. ஆவாரம்பட்டை அண்ணா, நீங்கள் சொன்ன எண்ணே வந்தது!

புதுத் தொகுதி: பிதுக்கம்பருப்பு 50 கிராம், ஹெப்பெஸ் பஃபர், பாலிவினைல் பாலிபைரோலிடோன் 2 சதவீதம். சாறு 400 மில்லி, வெளிறிய மஞ்சள், எச்ஏ 1:128. கொதிக்கவைத்தால் பூஜ்யம். மேனோசைடு போட்டால் 1:16. குழலில் வழிந்தது 1:32, அது மேனோசைடுக்கு அசையவில்லை, காலக்டோஸுக்கு முழுதும் விழுந்தது. குழலை ஒரு மணி நேரம் நிறுத்தி இறக்கியதில் 15 மில்லி, மூன்று மாற்று டயாலிசிஸுக்குப் பின் 1:512. பழுப்புத் தூள் இல்லை. மொத்த அலகில் 15 சதவீதம் கையில் இருக்கிறது.

முட்டைக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். அதற்குள் வீரோ செல்லில் நச்சுத்தன்மை பார்க்கச் சொல்கிறார் கைடு. எம்டிடி (உயிருள்ள செல் ஊதாவாக்கும் சாயச் சோதனை) போதுமா? அப்புறம், இது மருந்தாகுமா என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வது?

செம்பாசி

எம்டிடி போதும், இரண்டு பொறிகளை மூடிவிட்டு. பாலிஃபீனால் எம்டிடி-யைச் செல்லே இல்லாமல் ஊதாவாக்கும். செல் இல்லாத குழியில் உங்கள் லெக்டினும் எம்டிடி-யும் மட்டும் போட்டு அந்த அளவைக் கழிக்க வேண்டும். இப்போதைய மாதிரியில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டானின் இன்னும் இருக்கிறது. அடுத்தது சீரம். கன்றுச் சீரத்தின் கிளைக்கோபுரதங்களிலும் மேனோஸ் உண்டு. 10 சதவீதச் சீரத்தில் லெக்டின் பாதி அவற்றிலேயே ஒட்டி வீணாகும், நச்சும் குறைவாகத் தெரியும், வைரஸ் தடுப்பும் குறைவாகத் தெரியும். நச்சுச் சோதனையை எந்தச் சீர அளவில் செய்கிறீர்களோ அதே அளவில்தான் வைரஸ் சோதனையும். 2 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை 10-லும் மற்றதை 2-லும் செய்துவிட்டு சிசி50-ஐ (பாதிச் செல்லைக் கொல்லும் செறிவு) இசி50-ஆல் (வைரஸைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) வகுத்தால் வரும் தேர்வு எண்ணுக்குப் பொருளே இல்லை. அந்த எண் 10-க்குக் கீழே என்றால் நான் மேற்கொண்டு போகமாட்டேன்.

செல்லுக்கு முதலிலேயே லெக்டினைக் கொடுத்துக் கழுவுவது, வைரஸோடு கலந்து கொடுப்பது, தொற்றிய ஒரு மணி நேரம் கழித்துக் கொடுப்பது: மூன்றையும் தனித்தனியே செய்யுங்கள். கலந்து கொடுத்தால் மட்டும் தடுப்பு என்றால் வைரஸைக் கொத்தாகத் திரட்டுகிறது என்று பொருள். ஃப்ரில் விஷயத்தில் தைவான்காரர்கள் கண்டது திரட்டலோடு இன்னொன்றும்: உள்ளே போன வைரஸ் எண்டோசோமிலேயே சிக்கி நியூக்ளியஸுக்குப் போகாமல் நிற்கிறது.

வைவா கேள்விக்கு. சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்கள் வைரஸைத் தடுப்பது புதிதல்ல. 1997-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நோஸ்டாக் நீலப்பச்சைப் பாசியிலிருந்து சயனோவிரின் எடுத்தார்கள், 101 அமினோ அமிலம். 2005-ல் நியூசிலாந்துக் கடற்சிவப்புப் பாசியிலிருந்து கிரிஃபித்சின், 121 அமினோ அமிலம். எச்ஐவி-யின் ஜிபி120 உறைப் புரத எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை என்பதால் இரண்டும் அதை நானோமோலார் அளவிலும் அதற்குக் கீழும் மடக்கும். இருந்தும் மாத்திரையாக எதுவும் வரவில்லை. கிரிஃபித்சின் கூழ் வடிவில், மேற்பூச்சாக, முதல் கட்ட மனிதச் சோதனை வரை வந்திருக்கிறது.

தடை எங்கே என்றால், லெக்டின் வைரஸின் சர்க்கரையை மட்டும் பார்ப்பதில்லை. டி செல்லின் மேலுள்ள சர்க்கரையையும் பிடித்து அதைத் தூண்டிப் பெருகவைக்கும். வாழைப்பழ லெக்டினில் இதுதான் முட்டுக்கட்டை. 2015-ல் மிச்சிகன் குழு 84-ஆம் இடத்து ஹிஸ்டிடினைத் திரியோனினாக மாற்றி, வைரஸ் பிடியை வைத்துக்கொண்டு தூண்டலைப் பெரிதும் குறைத்தது. உங்கள் மொச்சை லெக்டினுக்கும் முதல் கேள்வி அதுவே. வீரோ செல் உயிரோடிருக்கிறது என்பது அதற்குப் பதில் ஆகாது. வீரோ சிறுநீரகச் செல், நிணநீர்ச் செல் இல்லை. ரத்த ஒற்றைக்கரு செல்களில் மைட்டோஜன் சோதனை (செல்லைப் பெருகத் தூண்டுகிறதா என்று பார்ப்பது) தனியாக வேண்டும், ஒப்பீட்டுக்கு நன்றாகத் தூண்டும் கான்-ஏ லெக்டினை வையுங்கள்.

மொச்சைக் குழம்பு சாப்பிட்டால் காய்ச்சல் வராதா என்று யாராவது கேட்பார்கள், எப்போதும் கேட்கிறார்கள். உங்கள் கொதிநீர்ச் சோதனையே பதில்: பத்து நிமிடத்தில் பூஜ்யம். பச்சையாகத் தின்றால் என்று அடுத்த கேள்வி வரும். வேகாத பயறுகளின் லெக்டின்கள் குடல் சுவரில் ஒட்டி வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும், அதற்குத்தான் நன்றாக வேகவைக்கச் சொல்கிறார்கள்.

இயற்கை மூலத்திலிருந்து வைரஸ் மருந்தே வந்ததில்லையா என்று மடக்கினால், இரண்டு உதாரணம் கைவசம் வையுங்கள். கரீபியக் கடற்பஞ்சில் 1950-களின் தொடக்கத்தில் கண்ட அராபினோஸ் நியூக்ளியோசைடுகளைப் பார்த்துத்தான் விடாரபின் என்ற வைரஸ் மருந்து உருவானது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுத்த ஷிகிமிக் அமிலம் ஓசல்டாமிவிர், அதாவது டாமிஃப்ளூ என்ற இன்ஃப்ளூயன்சா மருந்தைத் தயாரிக்கும் தொடக்கப்பொருள். கவனம்: ஷிகிமிக் அமிலம் தானே வைரஸைத் தடுக்காது, அது வேதியியலாளருக்குக் கிடைத்த எலும்புக்கூடு மட்டும். அன்னாசிப்பூக் கஷாயம் டாமிஃப்ளூ ஆகாது.

வெண்படிவு

15 சதவீதம் நல்ல விளைச்சல். மிச்சத்தில் ஒரு பங்கு காலக்டோஸ் லெக்டின், அதைக் கொட்டாமல் தனியே வையுங்கள். இலவசமாகக் கிடைத்த கட்டுப்பாட்டுப் புரதம் அது: அதே விதை, அதே பஃபர், வேறு சர்க்கரை.

சேமிக்கும்போது 100 மைக்ரோலிட்டர் பங்காகப் பிரித்து மைனஸ் 20-ல். ஒரு பங்கை ஒரு முறைதான் உருக்க வேண்டும். உங்கள் ஏரியாவில் மின்தடை அடிக்கடி என்றால் ஃப்ரீசர் கதவுப் பக்கம் வைக்காதீர்கள். பூஞ்சைக்குப் பயந்து சோடியம் அசைடு 0.02 சதவீதம் போட்டிருந்தால் சொல்லுங்கள். அதோடு செல்லில் போட்டாலோ முட்டையில் ஊசி போட்டாலோ நீங்கள் அளப்பது அசைடின் நச்சுத்தான். குழலுக்கு அசைடு இருக்கட்டும், மாதிரிக்கு 0.2 மைக்ரான் வடிகட்டி போதும். புரதத்தை அதிகம் ஒட்டாத பிவிடிஎஃப் வகையாகப் பார்த்து வாங்குங்கள், நைலானில் விட்டால் பாதி லெக்டின் அதிலேயே தங்கிவிடும். வடிகட்டிய பின் எச்ஏ-வும் பிராட்ஃபோர்டும் மறுபடி ஒரு முறை. செறிவு அப்போது வந்த எண்தான், முன்பு வந்தது இல்லை.

காட்பாடி மாணவி

அசைடு போட்டிருக்கிறேன் சார். நல்ல வேளை சொன்னீர்கள். திங்கட்கிழமை அசைடு இல்லாத பஃபரில் மூன்று மாற்று விட்டு, வடிகட்டி, திரும்ப அளந்துவிட்டு எண்களைப் போடுகிறேன்.